கொள்ளைநோய்க் காலத்தில் கல்விப் பயணம்: வரலாறு கற்றுத் தரும் ஆயத்தம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



2021ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்து, பல வாரங்களாக மூடியிருந்த பள்ளிவாசல்கள் தமிழகத்தில் மீண்டும் திறக்கப்பட்ட நாட்கள் அவை. ஓர் அஸர் தொழுகைக்குப் பின், சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தை மத்ரஸாவுக்கு வந்தார். அவருடைய மகனுக்குப் பிரிட்டனில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கவிருந்தன. வீட்டு நகைகளை அடகு வைத்து முதல் தவணைக் கட்டணத்தையும் செலுத்திவிட்டார்கள். ஆயினும் அவருடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஹஜ்ரத், நோய் பரவிய ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதே, இப்போது பையனை அனுப்புவது சரிதானா?" என்று கேட்டார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஊசி போட வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும், தனிமையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், இத்தனை ஏற்பாடு எதற்கு என்று என் உம்மா வருத்தப்படுகிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?" என்றார்.

அன்று எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன்பின் நான் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். பெருந்தொற்று விலகிவிட்டாலும் கேள்வி பழையதாகிவிடவில்லை. நம் பிள்ளைகள் கல்விக்காக இன்னும் கடல் கடந்து செல்கிறார்கள். நோய்களும் மீண்டும் வரக்கூடியவையே.

ஸர்க் என்னும் இடத்தில் நடந்த ஆலோசனை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 639ஐ ஒட்டி, பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் தாஊன் நோய் ஷாம் தேசமெங்கும் பரவியது. அக்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் பயணம் மேற்கொண்டிருந்தார்கள். ஹிஜாஸின் எல்லையை ஒட்டிய ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் பிற தளபதிகளும் எதிர்கொண்டு வந்து நோயின் செய்தியைத் தெரிவித்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் தாமாக எந்த முடிவையும் எடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அடுத்து அன்ஸார்களை அழைத்தார்கள். அவர்களும் இரு கருத்தினராகப் பிரிந்தார்கள். பின்னர் குறைஷிப் பெரியவர்களை அழைத்தபோது, மக்களை நோய்க்குள் அழைத்துச் செல்ல வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒரே குரலில் கூறினார்கள். உமர் (ரலி) அவர்களும் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள்.

அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து விரண்டோடுவதா என்று வினவினார்கள். அந்தத் தந்தையின் தாயார் எழுப்பிய ஐயமும் அடிப்படையில் இதுவேயாகும். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் அளித்த விடையின் கருத்து. ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமையாகவும் மறு புறம் வறண்டும் இருந்தால், ஒட்டகங்களை எந்தப் புறத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதியே என்று அவர்கள் உவமையும் கூறினார்கள். விதியை நம்புகிற மேய்ப்பனும் பசுமையான புறத்தையே தேடிச் செல்வான்.

அதன் பின்னரே, வேறொரு தேவைக்காகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, இது குறித்து நபி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதை அறிவித்தார்கள். ஓர் ஊரில் நோய் இருப்பதாக அறிந்தால் அங்கே செல்லக் கூடாது; தாம் இருக்கும் ஊரில் நோய் தோன்றினால் அதற்கு அஞ்சி விரண்டோடக் கூடாது என்பது அந்த ஹதீஸின் கருத்து. உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

இங்கே தடுக்கப்பட்டது விரண்டோடுவது என்பதைக் கவனிக்க வேண்டும். நோய்க்கு அஞ்சி ஓடும் நோக்கமின்றி, வேறு தேவைக்காக வெளியேறுவது கூடும் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளதாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். கல்வி தேடிச் செல்வதும் அத்தகைய தேவையே. எனினும், இந்த அனுமதியுடன் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்லக் கூடாது என்பதும் நபிமொழியின் போதனையே. நோய் உள்ள நாட்டிலிருந்து புறப்படும் மாணவர், தம்மால் எவருக்கும் தீங்கு நேராது என்பதை இயன்றவரை உறுதி செய்துகொண்டே புறப்பட வேண்டும். பரிசோதனைக்கும் தனிமைக்கும் நம் மார்க்கத்தில் உள்ள இடம் இதுவே.

கல்விக்காகப் பயணித்தவர்கள் கண்ட கொள்ளைநோய்

கல்வி தேடிப் பயணிப்பது நம் முன்னோரின் நெடுநாளைய வழக்கம். அந்தப் பயணிகளும் கொள்ளைநோயைக் கண்டார்கள்.

மொரோக்கோவின் தன்ஜா நகரிலிருந்து 1325ஆம் ஆண்டு, தமது 21ஆம் வயதில் புறப்பட்டவர் இப்னு பதூதா. இன்று நம் மாணவர்கள் வெளிநாடு செல்லும் வயதும் ஏறத்தாழ இதுவே. 1340களில் அவர் நம் மதுரைக்கும் வந்தார். மதுரை சுல்தான்களின் ஆட்சி நடந்த காலம் அது. அப்போது அந்நகரில் ஒரு கொள்ளைநோய் பரவி மக்கள் விரைந்து மடிந்தனர். சுல்தானின் தாய், மனைவி, மகன் ஆகியோரும், இறுதியில் சுல்தான் கியாசுத்தீனும் மரணமடைந்தனர். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததாகவும், அல்லாஹ் தமக்குச் சுகமளித்ததாகவும் அவர் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அறிமுகமற்ற ஊரில் நோயுற்ற பயணிக்குக் கிடைத்த மருந்து அவ்வளவுதான்.

பின்னர் 1348ஆம் ஆண்டு, கரும்கொள்ளைநோய் தாக்கியபோது அவர் டமாஸ்கஸில் இருந்தார். தம் தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட செய்தியை அங்கேதான் அறிந்தார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பும் வழியில், தம் தாயாரும் அந்நோய்க்குப் பலியானதை அறிந்து, தன்ஜாவுக்குச் சென்று அவருடைய கப்ரை மட்டுமே காண முடிந்தது. பயணம் சென்றவர் நலமாக இருக்க, வீட்டில் இருந்தவர் இறந்து போவதும் உண்டு. ஆகவே ஆயத்தம் என்பது செல்பவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் இருப்போரின் நலத்தை யார் கவனிப்பது, இடரின்போது யார் யாருக்குச் செய்தி சொல்வது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

அதே கரும்கொள்ளைநோய் தூனிஸ் நகரையும் தாக்கியது. அங்கே கல்வி பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர், தம் பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 17. எஞ்சியிருந்த அறிஞர்களும் மொரோக்கோவுக்குச் சென்றுவிட, அவரும் அவர்களைப் பின்தொடர விரும்பினார். ஆனால், மூத்த சகோதரர் தடுத்தார். அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை; தூனிஸிலேயே தங்கியிருந்த ஆசிரியர் ஆபிலீ அவர்களிடம் மேலும் சில ஆண்டுகள் பயின்றார். 1352ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, பின்னர் ஃபாஸ் நகரை அடைந்து கல்வியைத் தொடர்ந்தார். அவர்தாம் பிற்காலத்தில் உலகம் போற்றிய வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்). சில ஆண்டுகள் தாமதித்ததால் அவருடைய கல்வி கெட்டுவிடவில்லை. பயணம் தடைபட்டுக் கலங்கும் மாணவருக்கு இதில் ஆறுதல் உண்டு.

உண்மையை மறைத்ததன் விலை

கொள்ளைநோய்க் காலத்தில் ஆயத்தமின்றிப் பயணித்தால் என்ன நேரும் என்பதை ஹஜ்ஜின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. சுமார் 15,000 ஹாஜிகள் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவிலிருந்து ஸூயஸ் வந்த ஒரு கப்பலின் தலைவன், வழியில் பலர் இறந்திருந்தும், அவை தொற்றுநோய் மரணங்கள் அல்ல என்று அறிவித்தான். நோய் எகிப்திலும், அங்கிருந்து மத்தியதரைக் கடலின் துறைமுகங்களிலும் பரவியது.

அதன் விளைவாக 1866ஆம் ஆண்டு இஸ்தான்பூலில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882ஆம் ஆண்டு முதல், தெற்கிலிருந்து செங்கடல் வழியாக வரும் ஹஜ் கப்பல்கள் ஏமன் கரையை ஒட்டிய கமரான் தீவில் நிறுத்தப்பட்டன. நம் நாட்டு ஹாஜிகளும் அங்கே இறக்கப்பட்டு, வெயில் சுடும் கொட்டகைகளில் பல நாட்கள் தங்க வைக்கப்பட்டனர். அதற்குக் கட்டணமும் வசூலிக்கப்பட்டது. அந்தத் தீவைப் பற்றி ஹாஜிகள் கசப்புடன் முறையிட்டதில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு கப்பல் தலைவன் சொன்ன பொய்யினால் எத்தனை ஊர்களில் ஜனாஸாக்கள் எழுந்தன என்பதையும் மறக்கலாகாது.

பெருந்தொற்றின்போது பயணப் படிவங்களில் காய்ச்சல் உண்டா, நோயாளியுடன் பழகினீரா என்று கேட்டார்கள். விமானம் தவறிவிடும் என்று அஞ்சி அதில் பொய் எழுதுவதும், பணம் கொடுத்துப் போலிப் பரிசோதனைச் சான்றிதழ் பெறுவதும் அந்தக் கப்பல் தலைவனின் செயலையே ஒத்தவை. உண்மை உரைப்பதும் பயண ஆயத்தத்தின் ஒரு பகுதிதான். கட்டணமும் பயணச்சீட்டும் போனால் போகட்டும். அமானிதம் போய்விடக் கூடாது.

பிற்காலத்தில் ஹஜ் பயணம் ஆயத்தத்திற்கே முன்மாதிரியாக மாறியது. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி மூளைச்சவ்வுக் காய்ச்சல் பரவியதைத் தொடர்ந்து, ஹாஜிகளுக்கு அதன் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அக்கிருமியின் வேறொரு வகை பரவியதால், 2002 முதல் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. நம் குடும்பங்களில் ஹஜ்ஜுக்குச் சென்ற எவரும் இந்த ஊசியைத் தவக்குலுக்கு எதிரானதாகக் கருதியதில்லை. இஹ்ராம் துணியையும் தஸ்பீஹையும் போல அதுவும் பயணத்திற்குரிய ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

நம் காலத்து மாணவர்கள்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தொற்று இந்தியாவை எட்டியபோது, முதலில் அதைச் சந்தித்தவர்கள் மாணவர்களே. ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி, சீனாவின் வூஹான் நகரில் மருத்துவம் பயின்று ஊர் திரும்பிய மாணவி. அடுத்து கண்டறியப்பட்ட இருவரும் அங்கிருந்து வந்த மாணவர்களே. மூவரும் தனிமையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தனர். அதே நாட்களில் ஏர் இந்தியாவின் இரு விமானங்கள் வூஹானிலிருந்து 647 இந்தியர்களையும், 7 மாலத்தீவினரையும் டெல்லிக்கு அழைத்து வந்தன. அவர்களில் பலர் மாணவர்கள். மானேசரிலும் சாவ்லாவிலும் இருந்த முகாம்களில் தனித்திருந்த பின்னரே அவர்கள் தம் இல்லங்களுக்குச் சென்றார்கள். வீட்டு வாசல் வரை வந்தும் தாயைக் காணாமல் காத்திருப்பது எளிதன்று. அதைச் செய்தவர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, ஸர்க்கில் உரைக்கப்பட்ட நபிமொழியின்படியே நடந்தார்கள்.

ஊர் திரும்பியோரின் நிலை அவ்வாறிருக்க, மீண்டும் செல்ல விரும்பியோருக்கு நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டது. சீனா தன் எல்லையை மூடியதால், 20,000க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் 2022ஆம் ஆண்டு வரை தம் வகுப்பறைக்குத் திரும்ப முடியாமல் திரைவழியே பயின்றார்கள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட ஆஸ்திரேலியாவின் கதவு, தடுப்பூசி பெற்ற மாணவர்களுக்கு 2021 டிசம்பரில்தான் திறந்தது. இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களைக் கனடா ஐந்து மாதங்களுக்கு நிறுத்தியதால், மாணவர்கள் மூன்றாம் நாடொன்றில் இறங்கி, அங்கே மீண்டும் பரிசோதனை செய்துகொண்டு செல்ல நேர்ந்தது.

2021 ஜூன் 7 அன்று இந்திய அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே 84 நாட்கள் இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, கல்விக்காக வெளிநாடு செல்வோர் 28 நாட்களுக்குப் பின் இரண்டாம் தவணையைப் பெறலாம் என்றும், கோவின் சான்றிதழில் கடவுச்சீட்டு எண் இடம்பெற வேண்டும் என்றும் அது கூறியது. கோவாக்சின் பெற்றவர்களுக்கு வேறு சிக்கல் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு நவம்பர் 3 அன்றுதான் அங்கீகாரம் அளித்தது. அதுவரை பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கவில்லை.

இந்த விவரங்களை முன்கூட்டியே கேட்டறிந்த குடும்பங்கள் சிரமமின்றிப் பிள்ளைகளை அனுப்பின. அறியாதோர் விமான நிலையத்தில் கலங்கி நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் மூன்று குழுவினரை அழைத்துக் கேட்ட பின்னரே முடிவெடுத்தார்கள். நாமோ பக்கத்து வீட்டார் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டு முடிவெடுத்துவிடுகிறோம். செல்லும் நாட்டின் தூதரகம், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம், அங்கே ஏற்கெனவே பயிலும் ஒரு மாணவர் ஆகிய மூவரிடமும் கேட்பதே நம் காலத்து மஷூரா.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

மீண்டும் இத்தகைய காலம் வருமாயின், நம் பிள்ளைகளை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது? வரலாற்றிலிருந்தும், அந்த ஆண்டுகளின் அனுபவத்திலிருந்தும் நான் விளங்கிக்கொண்டவை இவை.

முதலாவது, தடுப்பூசியையும் சான்றிதழையும் இறுதி வாரத்துக்கு ஒத்திவைக்கலாகாது. சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். நம் பெயர்கள் பலவாறாக எழுதப்படுவதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது, கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், தனிமையில் இருக்கும் நாட்களின் செலவு, மருத்துவக் காப்பீடு, அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் பயணச்சீட்டு ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும். மதுரையில் இப்னு பதூதாவுக்குப் புளியாவது கிடைத்தது. அறையைவிட்டு வெளியே வர இயலாத முதல் நாட்களில் புதிய ஊரில் எதுவும் எளிதில் கிடைக்காது.

நான்காவது, கடன்களையும் அமானிதங்களையும் எழுதி வைத்துப் புறப்படுவது நம் ஸுன்னத்தான வழக்கம். இளைஞர்தானே என்று இதை விட்டுவிட வேண்டாம். இது மரணத்தை எதிர்பார்ப்பதாகாது. பிறருடைய உரிமையைப் பேணுவதாகும்.

ஐந்தாவது, தனிமையைத் தாங்கும் மனத்தை அளிக்க வேண்டும். ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமை, எவரும் கதவைத் தட்டாத அறை, வீட்டில் நோய் என்னும் செய்தி, இவை யாவும் நேரலாம். நாள்தோறும் ஒரு நேரத்தில் அழைப்பது என்று வீட்டாரும் பிள்ளையும் முன்பே உடன்பட்டுக்கொள்வது நலம்.

இவை யாவற்றுக்கும் பின் துஆவும் தவக்குலும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்குமாறு கூறும் நபிமொழியை நாம் சிறு வயது முதல் ஓதி வருகிறோம். அதில் கட்டுவது முன்னும் ஒப்படைப்பது பின்னுமாக இருப்பதையும் சேர்த்தே ஓத வேண்டும்.

அந்தத் தந்தையிடம் அன்று நான் இவ்வளவையும் சொல்லவில்லை. ஸர்க்கில் நடந்ததைக் கூறிவிட்டு, "உங்கள் உம்மா ஹஜ்ஜுக்குப் போனவர்கள்தானே? அப்போது ஊசி போட்டுக்கொண்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவர் சிரித்த முகத்துடன் வந்தார். "போட்டேன், கை இரண்டு நாள் வலித்தது, அதையும் ஹஜ்ஜின் நன்மையில் சேர்த்துக்கொண்டேன் என்றார்கள், ஹஜ்ரத். பையனையும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்" என்றார்.

செப்டம்பர் நடுவில் மகன் புறப்பட்டார். கோவிஷீல்டு இரு தவணை பெற்றிருந்தும், இந்தியச் சான்றிதழை அந்நாடு அப்போது ஏற்காததால், அறையில் 10 நாட்கள் தனித்திருந்து, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் பரிசோதனை செய்துகொண்டார். அதில் நியாயம் இல்லை என்று அவருக்கு வருத்தம் இருந்தது. எனினும், விதியை மீறவில்லை. பதினோராம் நாள் அவர் வெளியே வந்து முதலில் சென்றது அருகிலிருந்த பள்ளிவாசலுக்கு. அன்று வீட்டுக்கு அழைத்தபோது, பேசுவதற்குத் தொலைபேசியை முதலில் வாங்கிக்கொண்டவர் அந்தப் பாட்டிதானாம்.

கல்விக்காகப் புறப்படும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களால் பிறருக்கு நன்மை மட்டுமே சேரச் செய்வானாக. ஆமீன்.